படகோட்டி சொன்ன ஒரே வார்த்தை

பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்வது லேசான காரியமில்லை என்பது பழவேற்காட்டில் வந்து இறங்கிய உடனேயே துளசிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கிய கோலத்தில் நின்றுகொண்டிருந்தன.

"பாருக்கா," ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே சொன்னான். "ரெண்டும் பி.எச்டி. பண்ண வந்ததுங்க போலக்குது. கமிட்டி கையெழுத்துக்கு வெயிட் பண்ணிக்கினே இப்பிடி ஆயிடுச்சுங்க."

கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். உதவியாளன் துளசிங்கத்தின் ஜோக்குக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தால் நிலையத்தை அவனுக்கே எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அவள் கண் மதிலோரம் நின்ற பெண்ணின் மேல் இருந்தது.

கட்சிக்காரி அம்மணி. கோட்டைக்குப்பத்துப் பெண். அந்தக் குப்பத்திலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த முதல் ஆள். கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் டச்சுக்கால ஆய்வு மையத்தில் நாலு வருஷமாகப் படிக்கிறாள். அடுத்த மாதம் பழைய ஆவணங்களைப் பார்க்க ஹாலந்துக்குப் போக வேண்டியவள். இன்றைக்கு மூன்று மணிக்கு மேல் மையத்துக்குள்ளேயே போக முடியுமா என்பது சந்தேகம்.

"மறுபடி ஒருக்கா சொல்லும்மா," என்றாள் கஸ்தூரியம்மாள்.

"போன வாரம் எனக்கு வருஷப் பரிசீலனைக்கா. தகவல் எடுக்க தெக்கால காட்டூர்ப் பக்கம் போயிருந்தேன். மழைல ரோடு முழுகிப் போச்சு. முனியன் மாமா படகுலதான் திரும்பினேன். முழுக்க எதிர்க்காத்து. பாதி வழில மோட்டாரும் நின்னுடுச்சு. ரெண்டு பேரும் கழி ஊனிக்கினே வந்தோம். உள்ள போகசொல்ல உப்புத் தண்ணி பட்டு கண்ணு செவந்து கெடக்குது, காலு நிக்கல. லேட் வேற. குடிச்சிட்டு வந்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"குடிச்சியா?"

"அக்கா!"

"கேக்கறது என் தொழில். பாத்ததை வெச்சு மட்டுமா முடிவு பண்ணாங்க?"

அம்மணியின் குரல் இறங்கியது. "படகோட்டியே சாட்சி சொல்லிட்டாருன்னாங்க. முனியன் மாமா, எங்கம்மாவோட கூடப் பொறந்தவரு. என்னைப் படிக்க வெக்கணும்னு எங்க நைனாகிட்ட சண்டை போட்டவரு. அவரு போயி…"

"அவரையே கேட்டியா?"

"எப்பிடிக்கா கேப்பேன்? அன்னிலேருந்து அவரு மூஞ்சில முழிக்கல."

படிப்பு போவதைவிட இதுதான் அவளை அதிகமாக அரித்துக்கொண்டிருந்தது என்பது கஸ்தூரியம்மாளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவதற்கு அவள் கட்டணம் வாங்குவதில்லை.

"நீ உன் பக்கத்தைச் சொன்னியா?"

"ஆசிரியர் குழு முடிவு பண்ணிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மாணவர் குழுவும் ஒத்துக்கணும். ரெண்டும் ஒத்துக்கிட்டாதான் நீக்க முடியும். அதுக்கு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். அதான் விதி."

"அதாவது," என்றான் துளசிங்கம், "மாமியாரும் நாத்தனாரும் சேந்து கை தூக்குனாதான் மருமகளை வெரட்ட முடியும். வெரட்டிட்டு, பஸ் ஏறினப்புறம் கூப்ட்டு, இன்னாம்மா நடந்துதுனு கேப்பாங்க. நல்ல குடும்பம்."

* * *

ஆய்வு மையத்தின் கூட்ட அறை பெரிது. மேஜை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வடக்குச் சன்னலுக்கு வெளியே ஏரி. தெற்குச் சன்னலுக்கு வெளியே கருவாடு காயப்போட்டிருக்கும் மைதானம். நடுவில் ஆசிரியர் குழுத் தலைவர் பேராசிரியர் பெரியசாமி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஞாபகசக்தி பட்டமளிப்பு விழாவன்றே விடைபெற்றுக்கொண்டது என்று மாணவர்கள் சொல்வார்கள். அந்தக் குறை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த லோகநாதன்.

லோகநாதன் கண்ணாடி போட்ட சேலத்துப் பையன். மாணவர் குழுச் செயலர். தலைவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறி இடது பக்கம் தலையைச் சாய்ப்பார், அவன் அதை எடுத்துக் கொடுப்பான். தலைவர் அதைத் தாமே கண்டுபிடித்த மாதிரி சொல்வார்.

"வெளியாட்களுக்கு இங்கே இடமில்லை," என்றார் தலைவர். "இது நம்முடைய… நம்முடைய…"

"உள்விவகாரம், சார்."

"உள்விவகாரம்."

"சாட்சி இன்னா சொன்னாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" கஸ்தூரியம்மாள் பணிவாகக் கேட்டாள். பணிவு அவளிடம் ஒரு கருவி. எப்போதாவதுதான் வெளியே எடுப்பாள்.

"ரகசியம். இரண்டு குழுவும் வாக்களித்த பிறகுதான்."

"சரிங்க. அந்தப் பொண்ணு சார்பா யாராவது பேசறதுக்கு உங்க விதில இடம் இல்லையா?"

"இல்லை," என்றார் தலைவர். சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், இடது பக்கம் தலையைச் சாய்த்தார்.

"இருக்கு சார்," என்றான் லோகநாதன். சொன்ன வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டான். "ஆய்வாளர் சார்பில் ஒருத்தர் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். ஒண்ணே ஒண்ணு."

"ஒன்றே ஒன்று," என்றார் தலைவர், தாமே இயற்றிய மாதிரி.

அதற்குள் மேஜை மேலிருந்த காகிதங்கள் படபடத்தன. லோகநாதன் எழுந்துபோய் ஏரிப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினான். "வாடை ஏறுது சார்," என்றபடி வந்து உட்கார்ந்தான்.

துளசிங்கம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா. சளி புடிச்சிருக்குதா?"

கஸ்தூரியம்மாள் அவன் காலை மிதித்தாள்.

"ஹாலந்துக்குப் போற வாய்ப்பு ஒரே ஒருத்தருக்குத்தானாமே. அம்மணி இல்லைன்னா அடுத்து யாருங்க?"

தலைவர் யோசித்தார். வழக்கம்போலத் தலை இடது பக்கம் சாய்ந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. லோகநாதன் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பார்க்க வேண்டும்," என்றார் தலைவர், பாவம், தனியாக.

* * *

படகுத்துறையில் முனியன் வலையைப் பிரித்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அகலமான மனுஷர். பேச்சு மட்டும் குறுகல். அவர் மூஞ்சியைப் பார்த்தால் அக்கா மகளைக் காட்டிக் கொடுத்தவர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் கஸ்தூரியம்மாளுக்கு மூஞ்சிகள் மேல் நம்பிக்கை கிடையாது. பொன்னேரி கோர்ட்டுக்கு வருகிற திருடர்களில் பாதிப் பேருக்குக் கோயில் குருக்கள் முகம்.

"அம்மணி விஷயமா வந்திருக்கோம்," என்றாள்.

முனியன் நிமிர்ந்தார். "அதுக்கு இன்னா ஆச்சு? நல்லா கீதா? வூட்டுப் பக்கம் போனா கதவைச் சாத்திக்கினு உள்ள போயிடுது. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல."

கஸ்தூரியம்மாளும் துளசிங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு உங்களை விசாரிச்சாங்களாமே."

"விசாரணையா? உள்ளயே உடல. படிக்கட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன். ஒரு பையன் வந்தாரு, கண்ணாடி போட்டவரு. ஏன் லேட்டுனு கேட்டாரு. சொன்னேன். உள்ள போயிட்டாரு. அவ்ளோதான்."

"இன்னா சொன்னீங்க?"

"வாடை அடிச்சுதுன்னேன்."

துளசிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "போச்சுக்கா. கவுந்துது கப்பலு. மாமனே சொல்லிட்டாரு."

"பயங்கர வாடைன்னேன்," முனியன் விளக்கமாகச் சொன்னார், உதவி செய்கிற நினைப்பில். "அந்த மாதிரி வாடை இந்த வருசம் அடிக்கவே இல்ல. பொண்ணு தெணறிப் போச்சு."

"போதும்யா, உங்க கையால கயிறு வேற திரிச்சுக் குடுக்காதீங்க."

"இன்னா தம்பி கோச்சுக்கறே? இதோ, இப்பகூடத்தான் அடிக்குது. உனுக்குத் தெரியல?"

துளசிங்கம் முகம் சிவந்தான். சட்டைக் கைப்பக்கத்தை முகர்ந்து பார்த்தான். "காலையிலதான் குளிச்சேன்! சோப்பு போட்டு!"

"சோப்பு போட்டா மட்டும் வாடை நின்னுடுமா?" முனியன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அந்த நேரம் துளசிங்கத்தின் தொப்பி தலையிலிருந்து கிளம்பியது. படகுகளின் மேல் தாவி, ஒரு நாயைத் தாண்டி, நேராகத் தெற்கே ஓடியது. துளசிங்கமும் அதன் பின்னால் ஓடினான்.

கஸ்தூரியம்மாள் தொப்பி போன திசையைப் பார்த்தாள். பிறகு அது வந்த திசையைப் பார்த்தாள். வடக்கே ஏரி முழுக்க நுரை நுரையாகப் புரண்டுகொண்டிருந்தது. மார்கழி மாதம்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றால் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இன்னாக்கா, என் தொப்பி போனது அவ்ளோ சந்தோசமா?" பிடித்த தொப்பியோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான் துளசிங்கம்.

"டேய் துளசி, வாடைன்னா வடக்கேருந்து வர்ற காத்துடா! நீயும் நானும் பொன்னேரில பஸ் புகையிலயே வளந்துட்டோம். நமக்கு வாடைன்னா மூக்குதான் ஞாபகம் வருது. இவருக்கு வாடைன்னா பாயும் கழியும்."

"பின்ன? வாடைக்கு வேற இன்னா அர்த்தம்?" என்றார் முனியன்.

துளசிங்கம் உடனே அவர் கையைப் பிடித்தான். "வா மாமா. உன்னைக் கூட்டிக்கினு போயி உள்ள நிக்க வெச்சு இதையே சொல்லச் சொல்றேன். கேஸ் முடிஞ்சுது."

"முடியாது," என்றாள் கஸ்தூரியம்மாள். சிரிப்பு நின்றுவிட்டது. "சாட்சி கேட்டாச்சு, குழு முடிவு பண்ணியாச்சு. இப்ப போயி சொன்னா, மாமன் மருமவளுக்காகப் பேச்சை மாத்துறாருன்னு கை தூக்கிடுவாங்க. நம்ம கையில இருக்கறது ஒரு கேள்வி. அதுல ரெண்டு மாங்கா விழணும்."

"இன்னொரு மாங்கா எது?"

"காலைல சன்னலைச் சாத்துனதே, அது. அம்மணி எழுதுன ஆய்வை வாங்கி ஒரு தடவை பொரட்டிப் பாக்கணும். நடடா."

* * *

மூன்று மணிக்குக் கூட்ட அறை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் தலைவரோடு சேர்த்து மூன்று பேராசிரியர்கள். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்கம் மாணவர் குழுவின் நான்கு பேர். மாணவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே உண்டான குழு அது. நாலு பேரும் அம்மணியின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மணி சுவரோரம் நின்றாள். விதிப்படி அவள் பேசக்கூடாது.

"கை தூக்குவதற்கு முன்," என்றார் தலைவர், "சார்பாளர் தம்முடைய ஒரே கேள்வியைக் கேட்கலாம்."

கஸ்தூரியம்மாள் எழுந்தாள். லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாட்சி பற்றித்தான் கேட்பாள், ரகசியம் என்று சொல்லிவிடலாம் என்ற தெம்பு அவன் முகத்தில் தெரிந்தது.

"ஐயா, இந்தப் பொண்ணோட ஆய்வுல ரெண்டாவது அத்தியாயத்தை நீங்க மூணு பேரும் படிச்சு, பிரமாதம்னு ஒப்புதல் குடுத்திருக்கீங்க. அந்த அத்தியாயத்தோட தலைப்பு இன்னா?"

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"இதற்கும் இதற்கும் என்ன…" என்று ஆரம்பித்தார் தலைவர். எதிரே மாணவர்கள் நாலு பேரும் முதன்முறையாக மேஜையிலிருந்து கண்ணை எடுத்தார்கள். தலைப்பு தெரியவில்லை என்று ஒரு தலைவர் சொல்ல முடியுமா? "அருமையான அத்தியாயம். ஆழமான ஆய்வு. டச்சுக்காரர்கள் காலத்தில்… அதாவது தலைப்பு…"

தலை இடது பக்கம் சாய்ந்தது.

"வாடைக்காலத்துக் கப்பல்கள், சார்," என்றான் லோகநாதன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. நாலு வருஷமாக எடுத்துக் கொடுத்துப் பழகிய வாய் அது. எசமானன் மூளையைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது.

"வாடைக்காலத்துக் கப்பல்கள்," என்றார் தலைவர் கம்பீரமாக. உடனே அவர் புருவம் சுருங்கியது.

"இன்னா நாத்தம் புடிச்ச கப்பலோ," என்று துளசிங்கம் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

தலையாட்டும் பேராசிரியர் ஆட்டுவதை நிறுத்தினார். "வாடை என்றால்… காற்றா?"

"வடக்கத்திக் காத்துங்க," என்றாள் கஸ்தூரியம்மாள். "அது எப்ப ஆரம்பிக்கும், எத்தனை கப்பலை அலைக்கழிக்கும்னு பக்கம் பக்கமா எழுதியிருக்குது இந்தப் பொண்ணு. நீங்க படிச்சிருந்தீங்கன்னா, படகோட்டி சொன்னது இன்னான்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். படிக்கலைன்னா, போட்ட கையெழுத்து எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு ஒரு கேள்விதான்."

பிஸ்கட் பேராசிரியர் தேநீருக்குள் விழுந்த பாதி பிஸ்கட்டை ரொம்பச் சிரத்தையாகத் தேட ஆரம்பித்தார்.

தலைவர் மெல்ல இடது பக்கம் திரும்பினார். இந்த முறை சொல்லுக்காக இல்லை. "லோகநாதன், நீதான் வந்து சொன்னாய். படகோட்டி வாடை அடித்தது என்கிறார் என்று."

"அவர் அதைத்தான் சார் சொன்னார். ஒரு எழுத்துகூட நான் மாத்தல."

"மாற்றவில்லை. ஆனால்…" தலைவரின் ஞாபகசக்தி பல வருஷத்துக்குப் பிறகு திடீரென்று வீடு திரும்பியது. "மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னாய்!"

"அதான்," என்றாள் கஸ்தூரியம்மாள். "வாய் உண்மையைச் சொல்லிச்சு. பொய் சொன்னது கைக்குட்டை."

"நான் சேலத்துக்காரன் சார்!" லோகநாதன் எழுந்துவிட்டான். "எங்க ஊர்ல வாடைன்னா நாத்தம்தான். நானும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"காலையில வாடை ஏறுதுன்னு சொல்லி ஒரு சன்னலைச் சாத்துனீங்களே தம்பி. கருவாடு காயறது அந்தாண்ட. அந்தச் சன்னலு தொறந்தே கெடந்துது. நீங்க சாத்துனது ஏரிப்பக்கம், காத்து வர்ற பக்கம்." அவள் குரலில் கேலி குறைந்து ஒரு வருத்தம் வந்தது. "இந்தக் கட்டடத்துலயே அம்மணியோட அத்தியாயத்தை உக்காந்து படிச்ச ஒரே ஆளு நீங்கதான். அதுக்கு உங்களைப் பாராட்டணும். ஹாலந்துக்கு அடுத்த பேரும் உங்களுதுதானே?"

லோகநாதனின் பேனா மூடி கையிலிருந்து விழுந்து உருண்டது.

தலைவர் மேஜையைத் தட்டினார். அவமானம் முழுவதையும் யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டிய அவசரம் அவருக்கு. "அம்மணி மீதான தீர்மானம் வாபஸ். அதற்குப் பதிலாக, லோகநாதனை நீக்க ஆசிரியர் குழு இப்போதே தீர்மானிக்கிறது. மாணவர் குழு என்ன சொல்கிறது?"

நாலு கைகளும் தயக்கமில்லாமல் மேலே போயின. அவை, சற்று முன்னால்வரை அம்மணிக்கு எதிராக எழத் தயாராக மேஜையில் கிடந்த அதே கைகள்தான்.

"சார்."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மணியின் குரலை அந்தக் கூட்டம் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது.

"அவரை ஒரு வார்த்தை கேக்காம நீக்காதீங்க, சார். கேட்டுட்டு இன்னா வேணும்னாலும் பண்ணுங்க."

"விதிப்படி விசாரணை, நீக்கிய பிறகுதான்…"

"அந்த விதியாலதான் சார் நான் இந்தச் செவுத்தாண்ட நிக்கறேன்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. லோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவன், அதைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்து, சட்டை நுனியால் துடைத்தான். தலைவர் தொண்டையைக் கனைத்தார். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், தட்டுத் தடுமாறி, தாமாகவே ஒரு வாக்கியத்தைச் செய்துமுடித்தார்.

"அம்மணி… அன்றைக்கு… ஏன் தாமதம் என்று… உங்களை நாங்கள் கேட்கவே இல்லை, இல்லையா?"

 சொல்ல வேண்டிய பதில் அம்மணியிடம் ஒரு வாரமாகத் தயாராக இருந்தது. அவள் அதைச் சொல்லாமல், கதவைத் திறந்து வெளியே பார்த்தாள்.

படிக்கட்டில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், துளசிங்கம் கூட்டிவந்து நிறுத்தியிருந்த முனியன் தலைக்குட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உள்ள வா."

"நான் எதுக்கும்மா உள்ள? காலெல்லாம் சேறு."

"வா மாமா." கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். "இவங்க கேக்கறாங்க. நீயே சொல்லு." பிறகு தாங்க முடியாமல் உடைந்தாள். "நீ என்னைக் குடிச்சிட்டு வந்தேன்னு சொல்லிட்டேனு நெனச்சுட்டேன், மாமா. உன்னாண்ட கேக்கக்கூட இல்ல நான்."

முனியன் பேந்தப் பேந்த விழித்தார். பேராசிரியர்களைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், அக்கா மகளைப் பார்த்தார்.

"நானா? வாடைன்னுதானே சொன்னேன்?" என்றார். "குடிச்சா வர்றது வாடை இல்லையே. அதுக்கு எங்க ஊர்ல நாத்தம்னு இல்ல பேரு!"

துளசிங்கம் தொப்பியைக் கழற்றி அவருக்கு ஒரு கும்பிடு போட்டான். அம்மணி அழுகையும் சிரிப்புமாகப் போய், ஏரிப் பக்கத்துச் சன்னலை அகலத் திறந்துவிட்டாள். தீர்மானங்கள் எல்லாம் மேஜையை விட்டுப் பறந்தன. மூன்று பேராசிரியர்களும் எழுந்து அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"இதான் சார்," என்றாள் அம்மணி. "இதனாலதான் அன்னிக்கு லேட்டு."